மண் பரிசோதனை யந்திரத்தில் திரவம் அளக்கும் குறைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

நிலத்தின் குணத்தை அறிந்து, அதற்கேற்ற எருவை அளவோடு இடுவதே சிக்கனத்திற்கும் நல்ல விளைச்சலுக்கும் வழி என்பது விவசாயிகள் யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். அந்தக் குணத்தை எண்களால் தெரிவிப்பது மண் பரிசோதனையாகும். இந்தியாவில் 1955-56-ஆம் ஆண்டில் மண் பரிசோதனை நிலையங்கள் தொடங்கப்பெற்றன. 2015-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் மண்வள அட்டைத் திட்டத்தை ஏற்படுத்தியபின், 12 விவரங்கள் அடங்கிய அட்டைகள் கிராமங்கள்தோறும் வழங்கப்பட்டன. எரு வாங்குவதற்கு முன் அட்டையை எடுத்துப் பார்க்கும் வழக்கமும் பல இடங்களில் வேரூன்றியுள்ளது.

அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காணும்போது அதில் ஐயம் கொள்ள எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அவ்வெண் பிறப்பது ஒரு சிறு துளித் திரவத்தில். அத்துளியை அளந்து எடுத்து, அளந்து விடுவது பெரிய நிலையங்களில் இப்பொழுது யந்திரத்தின் வேலையாக இருக்கிறது. துளி குறைந்தால் எண்ணும் குறையும். துளி மிகுந்தால் எண்ணும் மிகும். மண்ணில் யாதொரு மாறுதலும் இல்லாதபோதே அட்டை மாறிவிடும். இக்குறை எவ்வாறு உண்டாகிறது, எந்தக் குறிகளால் அதை அறியலாம், விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் தங்கள் அளவில் செய்யத்தக்கது யாது என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

துளியின் குறையும் பணத்தின் நஷ்டமும்

மணிச்சத்தை அளக்கும் முறை ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நடுநிலையான மண்ணுக்கும் களர்த்தன்மையுள்ள மண்ணுக்கும் ஏற்றது, ஓல்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட முறையாகும். இதன்படி ஒரு பங்கு மண்ணுக்கு இருபது பங்கு சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சேர்த்து, அரைமணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறார்கள். இவ்வாறு கிடைத்த மண் வடிநீரில் சிறிதளவை எடுத்து, அமிலமும் மாலிப்டேட்டும் கலந்த ரசாயன நீரைச் சேர்த்தால் நீல நிறம் உண்டாகிறது. நிறம் எவ்வளவு ஆழ்ந்ததோ அவ்வளவுக்கு மணிச்சத்து அதிகம். அந்நிறத்தின் ஆழத்தை ஒளியைக்கொண்டு அளந்து கணக்கிட்டு, ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அட்டையில் எழுதுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இவ்வளவு 11 கிலோவுக்குக் கீழிருந்தால் குறைவு என்றும், 11 முதல் 22 வரை இருந்தால் மத்திமம் என்றும், 22-க்கு மேற்பட்டால் அதிகம் என்றும் வகுத்திருக்கிறார்கள். ஒரு மிராசுதாரின் நஞ்சையில் உண்மையாக ஹெக்டேருக்கு 12 கிலோ மணிச்சத்து இருக்கிறதென்று கொள்வோம். அது மத்திமம். பரிசோதனை நாளன்று யந்திரம் அவருடைய வடிநீரைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து எடுத்துவிட்டால் அட்டையில் 10.8 என்று வரும். நிலம் 'குறைவு' என்ற வகுப்பில் இறங்கிவிடும். குறைவான நிலத்திற்குப் பொதுச் சிபாரிசைக் காட்டிலும் கால் பங்கு கூட்டி இடவேண்டும் என்ற முறைப்படி, 50 கிலோ மணிச்சத்து இடவேண்டிய பயிருக்கு மேலும் 12.5 கிலோ சேர்க்கவேண்டியதாகும். நூற்றுக்கு 16 பங்கு சத்துள்ள சூப்பர் பாஸ்பேட்டாக வாங்கினால் இது 78 கிலோ ஆகிறது. அதாவது ஒன்றரை மூட்டைக்கு மேல். ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு எரு வீண் செலவு.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கெடுதலானது. உண்மையில் 9 கிலோவே உள்ள நிலத்திற்கு, முந்திய மாதிரியின் எச்சம் கலந்து 12 என்று எண் வந்துவிட்டால், விவசாயி எருவைக் குறைத்துவிடுவார். வேர் பிடிக்காமலும் தூர் கட்டாமலும் பயிர் நிற்கும்போது, விதையையோ தண்ணீரையோ குறை சொல்வாரேயன்றி அட்டையைச் சந்தேகிக்கமாட்டார்.

யந்திரத்தின் அமைப்பு

ரசாயனச் சோதனையை யந்திரத்தினாலேயே நடத்தலாம் என்பதை அமெரிக்காவில் லியோனார்டு ஸ்கெக்ஸ் என்பவர் காட்டினார். 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய யந்திரம் முதலில் மனிதருடைய இரத்தத்தைச் சோதிப்பதற்கே பயன்பட்டது. பின்னர் நீர், மண், இலை முதலியவற்றின் சோதனைக்கும் அது வந்து சேர்ந்தது. அதில் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மெல்லிய குழாயில் ஓடும். ஒன்றோடொன்று கலவாதபடி இடையிடையே காற்றுக் குமிழிகளைச் செலுத்துவதே அதன் சூட்சுமம்.

பிற்காலத்தில் வந்த மற்றொரு வகையில் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனிச் சோதனைக் கலம் உண்டு. இதில் மெல்லிய உலோக ஊசி ஒன்று கைபோல் அசைந்து சென்று, கிண்ணத்திலுள்ள வடிநீரில் இறங்கி, குறித்த அளவை உறிஞ்சி, சோதனைக் கலத்தில் விடுகிறது. ஊசிக்குப் பின்னால் நீர் நிறைந்த குழாயும், அதன் முடிவில் ஒரு ஸிரிஞ்சும் இருக்கின்றன. சிறு மோட்டார் ஒன்று ஸிரிஞ்சின் தண்டைப் படிப்படியாக இழுக்கவும் தள்ளவும் செய்கிறது. நீரின் வழியை மாற்றுவதற்கு ஒரு வால்வும், ஊசியைக் கழுவுவதற்கு ஒரு தொட்டியும், கிண்ணத்தில் நீர்மட்டம் எங்கே இருக்கிறதென்பதை உணரும் மின்சார அமைப்பும் உண்டு. ரசாயன நீருக்கும் இவ்விதமே தனி ஊசியும் ஸிரிஞ்சும் அமைந்திருக்கலாம்.

இங்கே அளக்கப்படும் திரவம் மிகச் சொற்பம். ஒரு லிட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மைக்ரோலிட்டர் என்று பெயர். சாதாரணமாக ஒரு துளித் தண்ணீர் ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர் இருக்கும். யந்திரம் 100 மைக்ரோலிட்டர் எடுக்கிறதென்றால், அது இரண்டு துளியே. ஊசியின் நுனியில் தங்கிய சிறு திவலையும், குழாயில் அகப்பட்ட கடுகளவு குமிழியும்கூட இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

இறவைப் பம்பு வைத்திருக்கும் விவசாயிக்கு இதெல்லாம் புதிதன்று. கிணற்றுக்குள் போகும் உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்தால் காற்று உள்ளே புகுந்து தண்ணீர் விட்டுவிட்டு விழும். அவ்விடத்தில் வெளியே ஒரு சொட்டும் கசியாது. பம்புக்கு மேலுள்ள குழாய் தளர்ந்தாலோ தண்ணீர் வெளியே பீறிடும். புட்வால்வில் சருகு அடைத்தால் நீர் குறையும். அது சரியாக மூடாவிட்டால், நிறுத்தியவுடன் குழாயிலுள்ள நீர் இறங்கிப் போய்விடும். மண் பரிசோதனை யந்திரத்திலும் உறிஞ்சுதல், அடைத்தல், காற்றுப் புகுதல், வாஷர் தேய்தல் என்னும் இவையே குறைகள். அளவுதான் சிறியது.

நிலையான பிழையும் நிலையற்ற பிழையும்

குறையைத் தேடப் புகுமுன், பிழை எவ்வகைப்பட்டது என்பதை நிதானிக்கவேண்டும். எல்லா மாதிரிகளுக்கும் ஒரே விதமாக நேருவது நிலையான பிழை. ஒரு முறை கூடியும் ஒரு முறை குறைந்தும் நேருவது நிலையற்ற பிழை.

யந்திரத்தில் முதலில் சத்தின் அளவு தெரிந்த நீர்களை வைத்து, அவற்றின் நிறத்தைக்கொண்டு அளவுகோல் ஒன்றை ஏற்படுத்திக்கொள்கிறார்கள். இதுவே அளவு நிர்ணயம். மாதிரி ஊசி எப்பொழுதும் 100-க்குப் பதில் 90 மைக்ரோலிட்டர் எடுப்பதாயிருந்தால், அளவறிந்த நீரையும் 90-ஆகவே எடுக்கும். மண் வடிநீரையும் 90-ஆகவே எடுக்கும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் முடிவு பெரும்பாலும் சரியாகவே அமையும். நெல் அளக்கும் மரக்கால் சிறிது சிறியதானாலும், கொடுப்பதையும் வாங்குவதையும் அதே மரக்காலால் அளந்தால் கணக்கு நேராவது போலாம் இது.

அளவு நிர்ணயம் முடிந்த பிறகு தொடங்கும் குறையும், தோன்றித் தோன்றி மறையும் குறையுமே அபாயமானவை. அளவறிந்த நீரைச் சரியாக எடுத்துவிட்டு, நாற்பதாவது மாதிரியில் ஒரு குமிழியை உறிஞ்சினால் அந்த நாற்பதாவது நிலத்தின் சொந்தக்காரர் நஷ்டமடைவார். ஆகையால் காலையில் அளவு நிர்ணயம் சரியாக அமைந்தது என்பது, அன்று மாலைவரை வந்த எண்கள் யாவும் சரி என்பதற்குச் சாட்சியாகாது.

குறிகளைக்கொண்டு குறையை அறிதல்

பல குழாய்கள் உள்ள விதைக் கலப்பையால் விதைத்த நிலம் முளைத்தபின், ஒரு வரிசை மட்டும் காலியாயிருந்தால் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று அறிகிறோம். எல்லா வரிசைகளும் மெலிந்திருந்தால் மேலேயுள்ள விதைக்கிண்ணத்தைப் பார்க்கிறோம். ஒரு வரிசையில் அங்கங்கே இடைவெளி விழுந்திருந்தால், விட்டுவிட்டு அடைத்தது என்று கொள்கிறோம். சோதனை எண்களையும் அவ்விதமே பார்க்கவேண்டும். எண்கள் எங்கே பிசகியிருக்கின்றன என்பதே குறை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

(1) மாதிரி ஊசி ஒன்றே எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவாயிருக்க, எல்லாச் சத்துக்களின் எண்களும் சேர்ந்து குறைந்தால், மாதிரி ஊசி, அதன் குழாய், ஸிரிஞ்சு ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

(2) ஒரே ஒரு சத்தின் எண்கள் மட்டும் பிசகினால், அந்தச் சத்துக்குரிய ரசாயன நீரையும் அதை விடும் வழியையும் பார்க்கவேண்டும். மேற்கூறிய மணிச்சத்துச் சோதனையில் அமிலம் குறைந்து விழுந்தால் வடிநீரிலுள்ள பைகார்பனேட் முழுவதும் மாறாது. நீல நிறமும் சரிவர உண்டாகாது.

(3) ஒரு கிண்ணத்தின் எண்கள் மட்டும் குறைந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை சரியாயிருந்தால், அக்கிண்ணத்தில் திரவம் போதாது. அல்லது நுரை மிதக்கிறது. அல்லது வடிகட்டாத மண்துகள் ஊசியை ஒரு கணம் அடைத்துவிட்டது. நுரையைத் தொட்டவுடன் திரவம் வந்துவிட்டதென்று எண்ணி ஊசி நின்றுவிடும். பிறகு அது உறிஞ்சுவது காற்றையே.

(4) சத்து மிக அதிகமான மாதிரியை அடுத்து வருவது எப்பொழுதும் உயர்ந்தே காணுமானால், ஊசி சரியாகக் கழுவப்படவில்லை. இதை எச்சக் கலப்பு என்று சொல்லலாம்.

(5) எண்கள் நேரம் செல்லச் செல்லப் படிப்படியாக இறங்கினால், ஊசி சிறுகச் சிறுக அடைத்துவருகிறது; அல்லது உருளைகளால் பிசைந்து திரவத்தைத் தள்ளும் ரப்பர்க் குழாய் தட்டையாகிவிட்டது; அல்லது ஸிரிஞ்சின் வாஷர் தேய்ந்துவிட்டது.

(6) எண்கள் காரணமின்றி மேலும் கீழும் குதித்தால், குழாயில் காற்றுக் குமிழி, தளர்ந்த இணைப்பு, ஒட்டிக்கொள்ளும் வால்வு ஆகிய மூன்றில் ஒன்றை எதிர்பார்க்கலாம். இரவெல்லாம் நின்ற யந்திரத்தில் காலையில் இது அதிகம். நீரில் கரைந்திருந்த காற்று, வெப்பம் ஏறும்போது பிரிந்து குமிழியாகிறது. ஆகையால் வேலை தொடங்குமுன் குழாய்களில் நீரைப் பலமுறை ஓட்டிக் குமிழிகளைப் போக்கவேண்டும்.

மணிச்சத்துச் சோதனைக்கே உரிய தொந்தரவு ஒன்றும் உண்டு. பைகார்பனேட் வடிநீரில் அமிலம் பட்டவுடன் கரியமிலவாயு பொங்கி எழும். சோடா நீர்போல் நுரைக்கும் இத்திரவத்தில் குமிழிகள் அடங்குமுன் ஒளியால் அளந்தால், எண் தாறுமாறாக வரும். இது ஊசியின் குறையன்று. ஆயினும் ஊசியின் குறைபோலவே காணும். பொங்கி அடங்கப் போதிய நேரம் கொடுத்தால் இது தீரும்.

பரிசோதிக்கும் முறைகள்

குறியால் ஊகித்ததைப் பரீட்சையால் உறுதி செய்யவேண்டும். இதற்கு அதிகச் செலவு பிடிக்காத வழிகள் பல உண்டு.

முதலாவது, கண்ணால் பார்த்தல். யந்திரம் சும்மா நிற்கும்போது ஊசியின் நுனியில் துளி திரண்டு சொட்டுகிறதா, குழாயில் குமிழி தெரிகிறதா, இணைப்புகளில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பைகார்பனேட் கசிந்து உலர்ந்த இடத்தில் இந்த வெள்ளைப் படிவு தோன்றும். ஈரம் காய்ந்துபோனாலும் படிவு கசிவைக் காட்டிக்கொடுக்கும். ஊசி வளைந்திருக்கிறதா, நுனி சிதைந்திருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது, நிறுத்துப் பார்த்தல். சுத்தமான தண்ணீரை 100 மைக்ரோலிட்டர் வீதம் இருபது முறை ஒரு மூடியுள்ள சிறு சீசாவில் விடச்செய்து, நுட்பமான தராசில் நிறுக்கவேண்டும். 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை 0.997 கிராம். ஆகவே இருபது முறைக்கும் சேர்த்து 1.994 கிராம் இருக்கவேண்டும். தராசு 1.795 காட்டினால், ஒவ்வொரு முறையும் சராசரி 90 மைக்ரோலிட்டரே விழுந்தது என்று தெளியலாம். ஆனால் மொத்தமாக நிறுப்பது சராசரியை மாத்திரம் தெரிவிக்கும். 98, 102, 90, 110, 100 என்று ஐந்து முறை விழுந்தாலும் சராசரி 100-தான். ஆகையால் பத்து முறையாவது தனித்தனியே நிறுத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். நிறுக்கும்வரை சீசாவை மூடிவைப்பது அவசியம். இவ்வளவு சொற்பமான நீர் ஆவியாகிப் போனால் அதுவே ஒரு பிழையாகிவிடும்.

மூன்றாவது, சாயநீர்ப் பரீட்சை. நிறம் மாறாத மஞ்சள் சாயநீரை ஒரே கிண்ணத்திலிருந்து பத்துக் கலங்களில் அளந்து விடச்செய்து, ஒவ்வொன்றிலும் சம அளவு தண்ணீர் சேர்த்து, நிறத்தின் ஆழத்தை அளக்கவேண்டும். இங்கே ரசாயன மாறுதல் ஒன்றும் நிகழாததால், பத்துக் கலங்களும் வேறுபட்டால் குற்றம் திரவம் அளக்கும் உறுப்பையோ விளக்கையோ சேர்ந்தது. ஒரே கலத்தைப் பத்து முறை அளந்தும் எண் மாறினால் விளக்கு. மாறாதிருந்தால் திரவ அளவு.

நான்காவது, எச்சக் கலப்புப் பரீட்சை. சத்து மிகுந்த நீரை மூன்று முறையும், உடனே சத்துக் குறைந்த நீரை மூன்று முறையும் வைத்துச் சோதிக்கவேண்டும். மிகுந்த நீர் மூன்றாம் முறை 52 காட்டி, குறைந்த நீர் முதன்முறை 14, மூன்றாம் முறை 12 காட்டினால், வித்தியாசம் 2. இதை 52-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசமாகிய 40-ஆல் வகுத்தால், நூற்றுக்கு 5 பங்கு எச்சம் கலக்கிறதென்று தெரியும். மத்திமத்திற்கும் குறைவுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடே உள்ள இச்சோதனையில் இது பொறுக்கத்தக்கதன்று.

ஐந்தாவது, கையால் செய்து ஒப்பிடுதல். அதே வடிநீரைக் கைப் பிப்பெட்டினால் அளந்து சோதிக்கவேண்டும். கையில் வந்த எண்ணும் யந்திரத்தின் எண்ணும் ஒத்திருந்தால் யந்திரம் குற்றமற்றது. குறை வடிகட்டும் இடத்திலோ, குலுக்கும் இடத்திலோ, மண்ணிலோ இருக்கிறது. யந்திரத்தை வீணாகக் கழற்றி நாளைப் போக்குவதை இச்சிறு வேலை தடுக்கும்.

ஒவ்வொன்றாக மாற்றுதல்

குறை இன்ன பக்கத்தில் உள்ளதென்று தெரிந்தபின், ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். ஊசியைச் சுத்தம் செய்து பரீட்சிக்க. பிறகு இணைப்புகளை இறுக்கிப் பரீட்சிக்க. பிறகு வாஷரை மாற்றிப் பரீட்சிக்க. மூன்றையும் ஒரே நாழிகையில் செய்துவிட்டால் யந்திரம் சரியாகலாம். எதனால் கெட்டது என்பது தெரியாது. அடுத்த மாதம் அதே குறை வந்தால் மீண்டும் மூன்றுக்கும் செலவு செய்யவேண்டும். ஒரே அளவுள்ள ஸிரிஞ்சுகள் இரண்டு இருக்குமாயின், இடம் மாற்றிப் பார்ப்பது நல்ல உபாயம். குறையும் ஸிரிஞ்சுடன் இடம் மாறினால் ஸிரிஞ்சைச் சேர்ந்தது. பழைய இடத்திலேயே நின்றால் வால்வையோ குழாயையோ சேர்ந்தது.

பழுது நீங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணலாகாது. அளவு நிர்ணயத்தைத் திரும்பச் செய்யவேண்டும். அதன்பின், கடைசியாக யந்திரம் சரியாக இருந்ததற்குச் சாட்சியுள்ள இடம் எதுவோ, அதற்குப் பின் சோதித்த எல்லா மாதிரிகளையும் மறுபடி சோதிக்கவேண்டும். பலரும் தவறவிடும் காரியம் இதுவே. யந்திரம் பழுது பார்க்கப்பட்டது. ஆனால் பழுதான யந்திரம் எழுதிய எண்கள் அட்டைகளாகி ஊர்களுக்குப் போய்விட்டன என்றால், பழுது பார்த்ததனால் அந்த விவசாயிகளுக்கு என்ன பிரயோஜனம்?

சரிபார்ப்பு மண்

அப்படிப்பட்ட சாட்சி கிடைப்பதற்கு நிலையங்கள் சரிபார்ப்பு மண் ஒன்றை வைத்துக்கொள்கின்றன. ஒரே நிலத்து மண்ணை நிறைய எடுத்து, உலர்த்தி, சலித்து, நன்றாகக் கலந்து, பலமுறை சோதித்து அதன் எண்ணை நிச்சயப்படுத்திக்கொள்வார்கள். பிறகு இருபது மாதிரிகளுக்கு ஒரு முறை அதை இடையில் வைப்பார்கள்.

அவ்வாறு வைத்த மண்ணின் உண்மையான எண் 16 என்று கொள்வோம். அது நான்கு இடங்களில் 16, 16, 14, 12 என்று இறங்கினால், இரண்டாவது இடத்திற்குப் பிறகு அடைப்போ தேய்வோ ஏற்பட்டது. அதன் பின் உள்ளவற்றை மறுபடி சோதிக்கவேண்டும். 16, 11, 16, 18 என்று குதித்தால் காற்று. 13, 13, 13, 13 என்று நான்கும் ஒரேவிதமாகக் குறைந்தால், அளவறிந்த நீரைத் தயாரித்ததில் தவறா, அல்லது அளவு நிர்ணயத்திற்குப் பின் ஊசியின் வழி மாறியதா என்று ஆராயவேண்டும். அளவறிந்த நீரையே மாதிரியைப்போல் வைத்துச் சோதித்தால் இது விளங்கும்.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

யந்திரத்தின் உள்ளுறுப்பை நேராக்குவது நிலையத்தாரின் கடமை. ஆனால் பிழை நேர்ந்ததைக் கண்டுகொள்ள விவசாயிகளுக்கும் வழியுண்டு.

விவசாயி தம் நிலத்தில் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, நன்றாகக் கலந்து, நான்கு பங்காக்கி எதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைக்கும்போது, அதே கலவையிலிருந்து இரண்டு பைகள் கட்டிக்கொள்வது நல்லது. ஒன்றை அனுப்பிவிட்டு மற்றொன்றை எருப் படாத சுத்தமான துணிப்பையில் அடையாளத்துடன் வைத்திருக்கவேண்டும். அட்டையில் வந்த எண் முன் ஆண்டு எண்ணுக்கு மிகவும் மாறுபட்டு, இடையில் அதற்குத் தக்க எருவோ பயிர் மாற்றமோ இல்லாதிருந்தால், வைத்திருக்கும் பையை மறுசோதனைக்குக் கொடுக்கலாம். பெரும் பரப்புடையவர்கள் இரு பைகளையும் வெவ்வேறு எண்களிட்டு முதலிலேயே அனுப்பலாம். ஒரே மண்ணுக்கு ஒன்று 12 என்றும் மற்றொன்று 21 என்றும் வந்தால், எருவை வாங்குமுன் நிலையத்தாரைக் கேட்பது முறை.

அட்டையிலுள்ள எண் எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்றால் விசேஷக் கவனம் வேண்டும். 10.8-க்கும் 11.2-க்கும் நிலத்தில் உள்ள வித்தியாசம் சொற்பம். வகுப்பில் உள்ள வித்தியாசம் பெரிது. அத்தகைய எண்ணைப் பார்த்து எருவைத் திடீரென்று கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். முன் எண்ணையும், பயிர் நின்ற விதத்தையும், சென்ற போகத்தில் இட்ட எருவையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும், கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் இதில் இன்னும் பெரிய பங்கு உண்டு. ஒரு விவசாயி தம்முடைய ஓர் எண்ணையே காண்கிறார். அவர்களோ ஊர் முழுவதின் எண்களையும் ஒன்றாகக் காணக்கூடியவர்கள். அட்டைகள் வந்தவுடன் சோதனை வரிசை எண்ணின்படி அவற்றை அடுக்கி, மணிச்சத்து எண்களை ஒரு தாளில் கீழ்க்கீழாக எழுதிப் பார்க்கவேண்டும். வயல்களின் இருப்பிடத்தோடு சம்பந்தமின்றி, வரிசை எண் ஏற ஏற எண்கள் இறங்கிக்கொண்டே வந்தால், மண் அப்படி வரிசையாக மெலியாது, யந்திரமே சோர்ந்திருக்கிறது. இதைத் தவிர, ஊர்ப் பொதுவில் ஒரு மூட்டை மண்ணை உலர்த்திச் சலித்துக் கலந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சாதாரண மாதிரியைப்போல் எண்ணிட்டு ஒன்றிரண்டு பைகள் உடன் அனுப்பலாம். அந்த மண்ணின் எண் தடவைக்குத் தடவை ஒத்திருந்தால், அத்துடன் சென்ற மற்ற எண்களையும் நம்பலாம். ஒவ்வாவிட்டால் வரிசைத் தாளுடன் நிலையத்தாரிடம் காட்டவேண்டும். குறை எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்ள அந்தத் தாள் அவர்களுக்கும் உதவியாயிருக்கும்.

மறுசோதனை கேட்பது நிலையத்தாரின் மேல் குற்றம் சாட்டுவதாகாது. கவலையில் இறைக்கிறவன் சாலைத் தினமும் பார்த்துத்தான் பூட்டுகிறான். தோலில் ஓட்டை விழுந்திருந்தால் அதைத் தைக்கிறான். ஓட்டைச் சாலைக் கொண்டு நாள் முழுதும் இறைத்துவிட்டு, வயல் நனையவில்லையே என்று வருந்துவதில்லை. யந்திரத்தின் ஊசியும் அத்தகைய சாலே. மண்ணைச் சரியாக எடுத்து அனுப்புதல், இரண்டாம் பையைப் பத்திரப்படுத்துதல், எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தல் என்னும் மூன்றையும் விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் அடுத்த முறை மண் எடுக்கும்போதே தொடங்குவார்களாயின், துளியில் நேர்ந்த பிழை வயலுக்குள் வராமல் தடுக்கப்படும்.